பஸ் டிக்கெட்டே அழைப்பிதழ்!

வீட்டு விசேஷம், தீம் பார்ட்டி, கையால் செய்யும் அழைப்பிதழ் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அதில் வருகிற கண்டக்டர் அப்பாவை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

கேள்வி: அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெரும்பாலும் திருநெல்வேலி–மதுரை லைன்தான். வரும் ஆவணியில் 60 முடிகிறது, அந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. திருக்கடையூர் போகலாம் என்றால் வேண்டாம் என்கிறார். மொட்டை மாடியில் 40 பேரை அழைத்துச் சின்னதாக ஒரு விருந்து வைக்கலாம் என்று இருக்கிறோம். அண்ணன் ‘ரெட்ரோ தீம்’ வைக்கலாம் என்கிறான், எனக்கு மனசு ஒட்டவில்லை. அழைப்பிதழை நானே செய்ய ஆசை, ஆனால் ஓவியம் வராது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

ரெட்ரோ தீம் யார் வீட்டு விசேஷத்துக்கும் பொருந்தும், அதுதான் அதில் உள்ள குறை. உங்கள் அப்பா கிராமபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவரா? இத்தனை வருடம் நெரிசலில் நின்றுகொண்டே “டிக்கெட், டிக்கெட்” என்று கேட்டு உங்களையெல்லாம் வளர்த்தவர். அவர் தோளில் தொங்குகிற பையிலேயே தீம் இருக்கிறதே!

அழைப்பிதழைப் பஸ் டிக்கெட் மாதிரி செய்யுங்கள். மெஷின் வருவதற்கு முன்னால் கலர் கலராக, மெல்லிய தாளில், கட்டுக் கட்டாக வருமே, அந்த டிக்கெட். அதற்கு ஓவியம் தேவையில்லை, கட்டமும் எழுத்தும் போதும். இன்னொரு அழகான பொருத்தமும் இருக்கிறது. உங்கள் அப்பா பிறந்த 1966-ல், சித்திரையில் தொடங்கிய தமிழ் வருடம் பராபவ. 60 வருடச் சுற்று முடிந்து 2026 சித்திரையில் அதே பராபவ திரும்ப வந்திருக்கிறது. அறுபதாம் கல்யாணம் என்று நாம் கொண்டாடுவதே பிறந்த வருடம் திரும்பி வருவதைத்தான். அதனால் டிக்கெட்டில் ‘புறப்படும் இடம்: பராபவ 1966, சேரும் இடம்: பராபவ 2026’ என்று போடுங்கள். ஓரத்தில் ஸ்டேஜ் எண்கள் வரிசையாக வரட்டும், அதில் அவர் வேலையில் சேர்ந்த வருடம், கல்யாணம் ஆன வருடம், நீங்களும் அண்ணனும் பிறந்த வருடம் இதையெல்லாம் ஸ்டேஜாகப் போட்டுவிடலாம். கட்டணம் என்ற இடத்தில் பணம் எழுதாதீர்கள், ‘ஒரு நினைவு’ என்று எழுதுங்கள். டிக்கெட்டின் பின்பக்கம் காலியாக இருக்கட்டும். வருகிறவர்கள் அப்பாவோடு போன ஒரு பயணத்தையோ, அவர் செய்த ஒரு உதவியையோ அதில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்து, வாசலில் தொங்கும் கண்டக்டர் பையில் போட வேண்டும். மொய்க் கவரோடு வந்து சங்கடப்படுத்துகிறவர்களுக்கும் இது ஒரு நாசூக்கான பதில்.

செய்முறைக்கு வருகிறேன். ஸ்டேஷனரி கடையில் வெளிர் மஞ்சள், ரோஸ், பச்சை நிறங்களில் ஏ4 தாள் கிடைக்கும். ஒரு தாளை அகலவாக்கில் நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 210 மில்லிமீட்டர் நீளம், 74 மில்லிமீட்டர் அகலம் வரும், நீளக் கவரில் மடிக்காமல் போகும். 40 டிக்கெட்டுக்கு 10 தாள், கெட்டுப்போனால் மாற்ற 2 தாள். நிஜ டிக்கெட் அளவுக்குச் சின்னதாக வெட்டாதீர்கள். பெரியப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிற்பார். நாள், கிழமை, நேரம், இடம் நான்கும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், விளையாட்டெல்லாம் ஓரத்தோடு நிற்கட்டும். வீட்டில் இங்க்ஜெட் பிரின்டர் இருந்தாலும் இதைக் கடையில் ஜெராக்ஸ் போடுவதே நல்லது, ஏனென்றால் நான்கு மூலையிலும் ஈர மஞ்சள் வைக்கப்போகிறீர்கள், சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரைந்துவிடும், ஜெராக்ஸ் எழுத்து கரையாது. மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து விரல் நுனியால் ஒற்றுங்கள், காய்ந்த பிறகு கவரில் போடுங்கள். என் தங்கை வீட்டுச் சீமந்தத்துக்கு இப்படி ஆசையாக 30 கார்டு அச்சிட்டு மஞ்சள் வைத்த அன்று, மண்டபத்தின் பெயர் கரைந்து நீலக் கறையாக ஓடியதை நேரில் பார்த்திருக்கிறேன். அவள் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை.

சாப்பாடும் அந்த லைனிலேயே இருக்கிறது. மாடியைச் சுற்றி ஐந்து இடத்தில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மஞ்சள் தாள் ஒட்டி ஊர்ப் பலகை வையுங்கள். திருநெல்வேலி என்றால் அல்வா, கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், சாத்தூருக்குக் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும், விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா, மதுரை வந்தால் ஜிகர்தண்டா. அந்தந்த ஸ்டேஜில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஸ்டேஜுக்குப் போக வேண்டியதுதான். எல்லாவற்றையும் வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். பரோட்டா மட்டும் சூடாகப் போட ஒரு மாஸ்டர் போதும், மற்றதெல்லாம் வாங்கிவிடலாம். விசில் ஒன்றைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள், விருந்து அதுவாகவே களைகட்டிவிடும்.

முதல் டிக்கெட்டை அப்பாவோடு அதிக நாள் ஓட்டிய டிரைவருக்கு நேரில் போய்க் கொடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கே அவருக்குப் பாதி விசேஷம் நடந்த மாதிரி.

கேள்வி: நாத்தனார் வீட்டு வளைகாப்பு. எல்லோரும் ‘பாட்டில் கிரீன்’ சேலைதான் கட்ட வேண்டுமாம், அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறார்கள். என்னிடம் இல்லை. இதற்காக 3,000 ரூபாய்க்குச் சேலை எடுக்க இப்போது கையில் வசதியும் இல்லை. போகாமலும் இருக்க முடியாது.
– வாசகி, சென்னை

போங்கள், கட்டாயம் போங்கள். உங்களிடம் இருப்பதில் எந்தப் பச்சை இருக்கிறதோ அதைக் கட்டுங்கள், கிளிப்பச்சையோ, மாம்பழக் கலரில் பச்சை பார்டரோ, எதுவானாலும் சரி. முன்கூட்டியே நாத்தனாருக்கு ஒரு போன் போட்டு, “அண்ணி, என்கிட்ட இந்தப் பச்சைதான் இருக்கு, இதைக் கட்டிக்கிட்டு வரேன்” என்று சிரித்த குரலில் சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துக் கேட்டுச் சங்கடப்படுவதை விட அது மேல்.

விருந்து வைக்கிறவர்களுக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். வருகிறவர் கடைக்கு ஓடி வாங்க வேண்டிய எதையும் அழைப்பிதழில் கேட்காதீர்கள். ‘பச்சையோ மஞ்சளோ, உங்களிடம் இருப்பது’ என்று எழுதினால் போட்டோவும் அழகாக வரும், யாருக்கும் மனசு நோகாது. வளைகாப்புக்கு வளையலை விடப் பெரிய தீம் எதற்கு? வாசலில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலைத் தட்டில் அடுக்கி, வருகிற பெண்கள் எல்லோருக்கும் கை நிறையப் போட்டுவிட்டால் கூட்டம் முழுக்க ஒரே நிறம் தானாக வந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு 5 வயது. யூனிகார்ன் பர்த்டே வேண்டும் என்கிறாள், கார்டும் தானே செய்வேன் என்று அடம். 15 குழந்தைகளைக் கூப்பிட வேண்டும். அவளால் முடியுமா?
– வாசகி, கோவை

முடியும், ஆனால் ஒரே நாளில் முடியாது. அந்த வயதில் நாலைந்து கார்டுக்கு மேல் பொறுமை நிற்காது, அதனால் மூன்று சாயங்காலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காயைக் காம்புக்குக் கொஞ்சம் கீழே, தடிமனான இடத்தில் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ் பூ அச்சு கிடைக்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிக் கால் மணி நேரம் உலரவிடுங்கள். அந்த வழவழப்பு இருந்தால் கலர் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். போஸ்டர் கலரை நேராகத் தொடாமல், ஈர ஸ்பாஞ்சில் ஊற்றி அதில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கில் அவள் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கிக் கொடுப்பதானால் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிச் செதுக்க வேண்டும், இதில் முதல் தடவை எல்லோரும் ஏமாறுவோம். கார்டுக்கு 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேல் உள்ள தாள் வாங்குங்கள். தடித்த தாளை நேராக மடித்தால் விரிசல் விடும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து மடிப்புக் கோட்டில் அழுத்தி ஒரு இழு இழுத்துவிட்டு மடித்தால் கடையில் வாங்கியது மாதிரி நிற்கும்.

யூனிகார்னுக்காகச் செட் வாங்க வேண்டாம். குழந்தைகள் வந்ததும் ஆளுக்கு ஒரு சார்ட் பேப்பர் கூம்பு கொடுத்து, அவர்களே கலர் அடித்துத் தலையில் கட்டிக்கொள்ளட்டும், முதல் அரை மணி நேர விளையாட்டும் அதுவே ஆகிவிடும். அப்புறம், பலூனுக்குப் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத்துக்குத் தெர்மக்கோல், அழைப்பிதழ் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இந்த மூன்றுக்குமே 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். நூலில் கோத்த காகிதப் பூவே போதும்.

கார்டில் ‘மாலை 4 முதல் 6.30 வரை’ என்று முடியும் நேரத்தையும் போடுங்கள். அம்மாவோ அப்பாவோ கூட இருக்க வேண்டுமா, விட்டுவிட்டுப் போகலாமா என்பதையும் எழுதுங்கள். எந்தக் குழந்தைக்காவது வேர்க்கடலை, முட்டை, பால் ஒத்துக்கொள்ளாதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், கேக் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால்.

கேள்வி: தாத்தா பாட்டிக்கு 1976-ல் கல்யாணம், இந்த வருடம் 50 ஆகிறது. அந்தக் காலத் தந்தி மாதிரி அழைப்பிதழ் அடித்தால் வித்தியாசமாக இருக்கும் அல்லவா? கறுப்புப் பார்டர் போட்டால் பழைய லுக் வரும் என்று நண்பன் சொல்கிறான்.
– வாசகர், மதுரை

தம்பி, வேண்டாம். தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது, உங்கள் வயசுக்கு அது ஒரு அழகான பழைய பொருள். ஆனால் தாத்தாவின் தோழர்களுக்கு அப்படி இல்லை. வாசலில் “சார், தந்தி” என்ற குரல் கேட்டாலே பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்த காலம் அது. கல்யாண வீடுகளில் வாழ்த்துத் தந்தி வந்ததும் உண்மைதான், இருந்தாலும் 75 வயதுக்காரர் கையில் அந்தத் தாளைக் கொடுத்து ஒரு நிமிஷமாவது நெஞ்சு பதற வைக்க வேண்டுமா? கறுப்புப் பார்டர் அதைவிட மோசம், அது காரியக் கடிதத்துக்கு உரியது.

அதே காலத்துச் சுவை வேண்டுமென்றால் போஸ்ட் கார்டு எழுதுங்கள். 50 பைசா கார்டை உங்கள் கையால் எழுதினால்தான் அந்த விலை. அச்சடித்த கார்டுக்குக் கட்டணம் 6 ரூபாய். அதனால் பேரப்பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஐந்தாறு எழுதிவிடுங்கள். ‘அன்புள்ள சித்தப்பாவுக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, அழைக்கப்படுகிறவரைத் தாத்தா எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே எழுதி, கடைசியில் தாத்தாவும் பாட்டியும் கையெழுத்துப் போடட்டும். பின்கோடு மறக்காதீர்கள். அது 1972 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது, ஆகவே உங்கள் 1976-க்கும் அது பொருத்தம்தான். விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்னாடியே தபாலில் சேருங்கள். பாட்டியின் கல்யாணப் பத்திரிகை பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் அன்றைக்கு வாசலில் ஃபிரேம் போட்டு வைக்கலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள், எல்லோருக்கும் நேரில் கொடுக்க நேரமில்லை. இன்னொன்று, எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

தாய்மாமன், அத்தைமார், சித்தப்பா பெரியப்பா வீடுகளுக்குக் கார்டோடு நேரில் போங்கள், அதில் குறுக்கு வழி கிடையாது. வெளியூரில் இருந்தால் முதலில் போன், பிறகு தபாலில் கார்டு, கடைசியாக வாட்ஸ்அப். இந்த வரிசை மாறினால்தான் கோபம் வருகிறது. நண்பர்களுக்கும் அலுவலகத்துக்கும் வாட்ஸ்அப் போதும், ஆனால் குரூப்பில் போட்டுவிட்டு இருக்காதீர்கள், பெயர் சொல்லித் தனித்தனியாக ஒரு வரி எழுதி அனுப்புங்கள். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எழுத்து மங்காது. கீழே தேதி, கிழமை, நேரம், இடத்தைத் தனியாக டைப் செய்தும் போடுங்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாதவர்கள் நிறைய பேர். அனுப்புவதற்கு முன் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை கேட்பதைப் பலர் மரியாதைக் குறைவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். “வருவீங்களா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மூன்று நாள் முன்பு போன் போட்டு, “அத்தை, உங்க வீட்டுக்கு எத்தனை இலை போடட்டும்?” என்று கேளுங்கள். “மாமாவுக்கு முட்டி வலி, நானும் சின்னவனும்தான்” என்று உடனே பதில் வரும். அதை ஒரு நோட்டில் குறித்து, மொத்தத்தை முந்தின நாள் காலைக்குள் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள், காய்கறி வாங்க அவருக்கு அந்த நேரம் வேண்டும்.