பூட்டுக்கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூழலியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் 'கீஸ்டோன் ஸ்பீஷீஸ்' என்பதை 'மூலைக்கல் உயிரினம்' என்று எழுதினேன். கட்டடப் பொறியாளரான என் அண்ணன் அது தவறு என்கிறார். மிக முக்கியமானது என்ற பொருள் வந்துவிடுகிறதே, போதாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

போதாது. நான் உங்கள் அண்ணன் கட்சி. மூலைக்கல் என்பது 'கார்னர்ஸ்டோன்'. இரண்டு சுவர்கள் கூடும் இடத்தில், அடியில், முதலில் வைப்பது. கீஸ்டோன் வளைவின் உச்சியில், கடைசியில் வைப்பது. "வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று" என்ற விவிலியச் சங்கீத வரி நமக்கு நன்றாகப் பழகிவிட்டதால் மூலைக்கல் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. (அந்தக் கல்லே அடிக்கல்லா உச்சிக்கல்லா என்பதில் விவிலிய அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு.)

பழைய வீடு ஒன்றின் வாசல் வளைவைத் திரும்பக் கட்டியபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கொத்தனார் முதலில் மரத்தில் அரைவட்டச் சட்டம் செய்து நிறுத்தினார். அதற்குப் பெயர் சென்டரிங். கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடிப்பதற்கு இன்று நாம் சொல்லும் அதே சொல். சட்டத்தின் மேல் இரு பக்கமும் செங்கல் ஏறி வந்தது. உச்சியில் ஒரு கல் அகலத்துக்கு இடைவெளி. மேலே அகன்று கீழே குறுகும்படி செதுக்கிய கல்லை அதில் இறக்கி, கரண்டிப் பிடியால் மெல்லத் தட்டினார். சில நாள் கழித்துச் சட்டத்தை உருவினார்கள். வளைவு நின்றது.

உச்சிக்கல்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அழுத்தம் கீழே இறங்க இறங்கத்தான் கூடுகிறது. உச்சிக்கல்லுக்கு வருவது குறைவு. எந்தக் கல்லை உருவினாலும் வளைவு சரியும். ஆனால் அந்தக் கடைசிக் கல் இறங்கும்வரை மற்றக் கற்கள் மரச்சட்டத்தை நம்பிக் கிடக்கின்றன. அது இறங்கிய பிறகு ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. ஆங்கிலச் சொல்லில் இருப்பது சாவி. பிரெஞ்சிலும் 'வளைகூரையின் சாவி' என்றே சொல்கிறார்கள். ஜெர்மனில் 'முடிக்கும் கல்'. பாரம் பற்றிய பேச்சே இல்லை.

உங்கள் கட்டுரைக்கு இது நேராகப் பொருந்துகிறது. சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலுக்குள் எறிந்தார். மறுபடி வந்தவற்றையும் விடாமல் அகற்றினார். அவற்றுக்கு இரையாகி வந்த சிப்பிகள் பெருகிப் பாறையை மூடின. 15 வகை உயிர்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. 1969இல் அவர் 'கீஸ்டோன் ஸ்பீஷீஸ்' என்ற சொல்லைக் கையாண்டபோது அந்த நட்சத்திர மீனைத்தான் மனத்தில் வைத்திருந்தார். எண்ணிக்கையில் அது பெரிய கூட்டமில்லை. மற்றவற்றை அதனதன் இடத்தில் நிறுத்தியது அதுதான்.

நம் கோயில்கள் தூணும் உத்தரமுமாக எழுந்தவை. கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் வளைவு அவற்றில் இல்லை. பழைய சொல் ஒன்று கைக்கு எட்டாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 'பூட்டுக்கல்' என்று எழுதலாம். ஏர் பூட்டுகிறோம், நாண் பூட்டுகிறோம். தமிழில் பூட்டுதல் என்றால் அடைப்பது மட்டுமில்லை, இணைப்பதும்தான். 'பூட்டுக்கல் உயிரினம்' முதலில் வரும் இடத்தில் வளைவைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வரியை அண்ணனிடம் காட்டிய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.