மரக்காதுக் காளான்: கேட்டதும் சொன்னதும்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததும், பட்ட மரத்தில் முளைக்கும் மரக்காது என்ற சமையலுக்கான காளானைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருடம் வந்த கேள்விகள் இவை.

அக்கா, பட்டுப்போன முள்முருங்கையில் பழுப்பாகக் காது மாதிரி ஒட்டியிருக்கிறது. அதுதானா? (பண்ணைக்காடு)

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது தம்பி, கையால் பாருங்கள். ஒன்றைப் பிய்த்து இரண்டு விரலுக்கு நடுவே மடக்குங்கள். நம் காதுமடல் போலவே வளையும், விட்டால் நிமிரும், ஒடியாது. உட்பக்கம் வழுவழுப்பு, வெளிப்பக்கம் பிஞ்சு வெண்டைக்காயில் இருப்பதுபோல் பொடி மயிர். குடைக் காளானுக்கு அடியில் இருக்கும் மடிப்புகளோ துளைகளோ இதில் கிடையாது. பிறகு வெயிலில் காயவையுங்கள். கறுத்துச் சுருண்டு நகம்போல் இறுகும். தண்ணீரில் போட்டால் அரைமணியில் மறுபடியும் காதாக விரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

தரையிலும் அதேபோல் முளைத்திருக்கிறதே?

அது கிண்ணக் காளான். மடக்கினால் பட்டென்று ஒடியும். விட்டுவிடுங்கள். கட்டையில் தார் கொட்டியதுபோல் கறுப்பாக, மூளை மடிப்பாகப் படர்வதும் வேறு வகை. சந்தேகம் துளி இருந்தாலும் சட்டிக்குப் போகக்கூடாது.

சோலைக்காட்டுக்குள் போய் எடுக்கலாமா? (கொடைக்கானல்)

கூடாது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடியினருக்குத் தருகிறது. நமக்கில்லை. தோட்டத்தில் நிழல்மரம் கவாத்து செய்து போட்ட கட்டைகளே போதும். உரிமையாளரைக் கேட்டுவிட்டு எடுங்கள். ஆனால் காப்பிக்கும் மிளகுக்கும் மழைக்கு முன் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள், அதில் மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்பு இருக்கிறது. கட்டையில் நீலத் திட்டைப் பார்த்தாலே நான் திரும்பிவிடுவேன்.

வெள்ளிக் காசு போட்டு வேகவைத்து, கறுக்காவிட்டால் விஷமில்லை என்கிறாரே பாட்டி? (கோத்தகிரி)

பாட்டி மேல் மரியாதை உண்டு, இதை மட்டும் நம்பாதீர்கள். உயிரைக் குடிக்கும் குடைக் காளான்களின் விஷம் வெள்ளியைக் கறுக்கவைக்காது, வெந்தாலும் போகாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும், அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்திருக்கும்.

2021-ல் வந்த கருப்புப் பூஞ்சை இதுதானா? (மதுரை)

இல்லவே இல்லை. அது மண்ணிலும் மக்கியதிலும் வாழும் வேறொரு பூஞ்சையால் வரும் நோய். ஹாட் அண்ட் சோர் சூப்பில் கறுப்பாக நறுக்நறுக்கென்று மிதக்கிறதே, மரக்காது அதுதான்.

எப்படிச் சமைப்பது?

கட்டையில் ஒட்டியிருந்த கட்டி நுனியை நறுக்கி, நன்றாக அலசி, சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டு நன்றாக வேகவிடுங்கள். எண்ணெயில் படபடவென்று வெடிக்கும், மூடி வையுங்கள். தனக்கென்று ருசி கிடையாது, மசாலாவை வாங்கிக்கொள்ளும். காய்ந்ததை அன்றன்றைக்கே ஊறவையுங்கள். நாள்கணக்கில் ஊறினால் பாக்டீரியா சேர்ந்து, கொதித்தாலும் சாகாத நஞ்சு உண்டாகலாம்.

மாமனார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார், பரிமாறலாமா? (திண்டுக்கல்)

வேண்டாம்மா. ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை இந்தக் காளான் குறைக்கும். 1980-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு ரசமும் அப்பளமும் வையுங்கள்.