பழைய வானக் குறிப்பும் வெடித்த விண்மீனும்: கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவி: அக்கா, நண்டு நெபுலா என்ற வாயு மேகம் 1054இல் சீனர்கள் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டு பக்கமிருந்தும் சான்று வருகிறது, தங்கச்சி. அந்த ஆண்டு ஜூலை 4இல் ரிஷப விண்மீன்குழுவின் கொம்பு நுனி விண்மீன் அருகே புதிதாக ஒன்று தோன்றியது. 23 நாட்கள் பகலிலும் தெரிந்தது, இரவில் 1056 ஏப்ரல் வரை. வால்வெள்ளி என்றால் நகர்ந்திருக்கும். இது நின்ற இடத்திலேயே மங்கியது. மறுபக்கம், அங்கிருக்கும் நெபுலா விரிவதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு 1921இல் கண்டார்கள். 1928இல் வானியலாளர் ஹபிள் அந்த விரிவு வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். ஏறக்குறைய 900 ஆண்டுகள் வந்தது. 1968இல் அதன் நடுவே விநாடிக்கு 30 முறை சுழலும் துடிவிண்மீனும், அதாவது வெடித்த விண்மீனின் சுருங்கிய கருவும், அகப்பட்டது.

கொட்டாஞ்சேனை வாசகர்: கணக்கு அச்சொட்டாக 1054க்கு வருகிறதா?

இல்லை. நல்ல கேள்வி கேட்டீர்கள். விரிவை நேராகப் பின்னோக்கி இழுத்தால் 1054ஐத் தாண்டி, 12ஆம் நூற்றாண்டில் போய் நிற்கிறது. துடிவிண்மீனின் சக்தி வாயுவைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் கூட்டியிருக்கிறது. அதனால் வயது குறைவாகத் தெரிகிறது. இன்னொரு முரணும் உண்டு: சீனக் குறிப்பு அந்தக் கொம்பு விண்மீனுக்குத் தென்கிழக்கே என்கிறது, நெபுலாவோ வடமேற்கே இருக்கிறது. இதை மறைத்துவிட்டுக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்தப் பகுதியில் வயதும் இடமும் இவ்வளவு பொருந்தும் வேறொரு மிச்சம் கிடையாது.

பம்பலப்பிட்டி ஆசிரியர்: ஒருமுறை பொருத்தியது பிறகு மாறியதுண்டா?

உண்டு, சேர். 1181இல் சீனாவிலும் ஜப்பானிலும் 185 நாட்கள் தெரிந்த விண்மீனுக்கு நெடுங்காலம் 3சி 58 என்ற மிச்சத்தைக் காட்டினார்கள். அதன் விரிவு வேகத்தைப் பார்த்தால் வயது மிகக் கூடுதலாக இருந்தது. 2013இல் டானா பாட்சிக் என்ற பொழுதுபோக்கு வானியலாளர் பிஏ 30 என்ற நெபுலாவைக் கண்டுபிடித்தார். 2021இல் வந்த ஆய்வு அதைத்தான் 1181க்குப் பொருத்தியது. இன்று பலரும் ஏற்பது அதையே.

தெஹிவளை வாசகர்: 1006 வெடிப்பு இலங்கையில் தெரிந்திருக்குமா?

கட்டாயம். பதிவானவற்றுள் மிகப் பிரகாசமானது அதுதான். கெய்ரோவில் மருத்துவர் அலி இப்னு ரித்வானும் சுவிட்சர்லாந்தில் மடத்துத் துறவிகளும் எழுதி வைத்தார்கள். அது தென்வானத்தில், ஓநாய் விண்மீன்குழுவில் இருந்தது. சுவிட்சர்லாந்தில் தொடுவானத்தை ஒட்டியும் கெய்ரோவில் சற்றே உயரத்திலும் தெரிந்தது. இங்கே நடுவானத்துக்குப் பாதி உயரத்தில் நின்றிருக்கும். ராஜராஜன் காலம் அது. சோழர் கல்வெட்டுகளோ நிலக்கொடை, விளக்குக்கு நெய் என்று கோயில் கணக்கையே பேசுகின்றன. அவற்றில் இதைத் தேடி ஏமாற வேண்டாம்.

மருதானை மாணவன்: கொழும்பிலிருந்து நண்டு நெபுலாவைப் பார்க்கலாமா?

நகர வெளிச்சத்தில் கஷ்டம், தம்பி. ஜனவரியில் ஊர்ப்பக்கம் போகும்போது, நிலா இல்லாத இரவில், 4 அங்குலத் தொலைநோக்கியைக் கொம்பு நுனிக்குத் திருப்பி, வடமேற்கே ஒரு பாகை நகர்த்துங்கள். மங்கலான திட்டுத்தான் தெரியும். படங்களில் உள்ள நிறத்தை எதிர்பார்க்காதீர்கள்.