பாஸ்டனின் கருங்கல் சிறை

கேள்வி: அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பழைய சிறைச்சாலை ஆடம்பர விடுதியாக மாறியிருக்கிறதாமே! கைதிகள் இருந்த கொட்டடியிலேயேதான் விருந்தினரும் தங்குகிறார்களா?

பதில்: நீங்கள் கேட்பது 2007ஆம் ஆண்டு முதல் லிபர்ட்டி ஹோட்டல் என்ற பெயரில் இயங்கிவரும் சார்ல்ஸ் தெருச் சிறையைப் பற்றி. சிறைக் கட்டடத்துக்கு 'விடுதலை' என்று பொருள்படும் பெயரை வைத்தவருக்குக் குறும்பு அதிகம்தான். ஆனால் 'சிறையில் ஓர் இரவு' என்ற ஆசையோடு போகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏறத்தாழ 300 அறைகளில் பழைய கட்டடத்துக்குள் இருப்பவை இருபதுக்கும் குறைவு. மற்றவை எல்லாம் பக்கத்தில் புதிதாக எழுப்பிய 16 மாடிக் கட்டடத்தில் உள்ளன. காரணம் எளிது. எட்டடிக்குப் பத்தடி அளவுள்ள கருங்கல் கொட்டடியில் கட்டிலைப் போட்டால், குளியலறைக்கு இடம் ஏது?

கேள்வி: அப்படியானால் அந்தக் கட்டடத்தை இடிக்காமல் விட்டது ஏன்? அதன் சிறப்புதான் என்ன?

பதில்: அதன் சிறப்பு நடுக்கூடத்தில் இருக்கிறது. 1851இல் திறக்கப்பட்ட இந்தச் சிறையைக் கட்டடக் கலைஞர் கிரிட்லி பிரையன்ட்டும், சிறைச் சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுத்துவந்த பாதிரியார் லூயி டுவைட்டும் சேர்ந்து திட்டமிட்டார்கள். இருட்டறையில் அடைத்து வைத்தால் மனிதன் திருந்த மாட்டான், அவனுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பது அக்காலச் சீர்திருத்தவாதிகளின் எண்ணம். எனவே, சிலுவை வடிவில் நான்கு பக்கமும் சிறகுகள் விரிய, அவை சந்திக்கும் இடத்தில் 90 அடி உயரமுள்ள எண்கோணக் கூடமும், சுவர்களில் 33 அடி உயரமுள்ள வளைவுச் சன்னல்களும் அமைந்தன. கைதிகளுக்காக யோசித்த அந்த வெளிச்சம்தான் இன்று விடுதியின் வரவேற்புக் கூடத்தை அண்ணாந்து பார்க்கவைக்கிறது. கூரையின் உச்சியில் இருந்து 1949இல் அகற்றப்பட்ட சிறு கோபுரத்தையும், விடுதியாக மாற்றியபோது பிரையன்ட்டின் வடிவமைப்பின்படியே மீண்டும் கட்டி வைத்தார்கள்.

கேள்வி: அவ்வளவு நல்லெண்ணத்தோடு கட்டிய சிறையை மூடுவானேன்?

பதில்: கொட்டடிக்கு ஒருவர் என்று போட்ட கணக்கு நிலைக்கவில்லை. ஒருவருக்கான இடத்தில் இருவரை அடைத்தார்கள். கட்டடமும் பராமரிப்பின்றிப் பாழாயிற்று. கைதிகள் தொடுத்த வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி ஆர்தர் காரிட்டி, வாதங்களைக் கேட்டதோடு நில்லாமல், ஓர் இரவு அந்தச் சிறையிலேயே தங்கிப் பார்த்தார். 1973இல் அவர் அளித்த தீர்ப்பு, அங்கு நிலவிய சூழல் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது: அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணையை எதிர்நோக்கிக் காத்திருந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிரபராதிகள். அப்படியிருந்தும் கடைசிக் கைதி வெளியேற 1990 ஆகிவிட்டது. தீர்ப்புக்குப் பின் 17 ஆண்டுகள்! அடுத்த ஆண்டே பக்கத்திலிருந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இடத்தை வாங்கியது. கட்டடத்தின் முக்கியப் பகுதிகளைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

கேள்வி: அங்கே கம்பி எண்ணிய பிரபலங்கள் உண்டா?

பதில்: உண்டு. நண்பர் ஒருவருக்காக அரசுத் தேர்வை ஆள்மாறாட்டம் செய்து எழுதிய ஜேம்ஸ் மைக்கேல் கர்லி 1904இல் உள்ளே இருந்தார். இருந்தபடியே நகர்மன்றத் தேர்தலிலும் வென்றார்! பிற்காலத்தில் நான்கு முறை பாஸ்டன் மேயரானவர் அவர். 1919 பிப்ரவரியில் அதிபர் வில்சன் பாஸ்டன் வந்தபோது வாக்குரிமை கேட்டு மறியல் செய்த பெண்களும் இங்கேதான் அடைக்கப்பட்டார்கள்.

கேள்வி: சிறையின் அடையாளம் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறார்களா?

பதில்: கொட்டடிக் கம்பிகளை உணவகத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர் 'கிளிங்க்'. நாம் சிறையை 'மாமியார் வீடு' என்பதுபோல ஆங்கிலத்தில் வழங்கும் கொச்சைச் சொல் அது. போதையில் பிடிபட்டவர்களைத் தெளியும்வரை அடைத்து வைத்த அறை இப்போது மது அருந்தகம்.