1915-ல் சோனினோ செய்தது துரோகமா? ஆய்வேடு எழுதும் மாணவிக்குப் பதில்

கேள்வி: முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இத்தாலிய அரசியல்வாதி சிட்னி சோனினோவின் அரசியல் வாழ்க்கையை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். என்னிடம் உள்ள நோட்ஸில், "1915-ல் பிரதமர் சோனினோ கூட்டாளி நாடுகளுக்குத் துரோகம் செய்தார்" என்று இருக்கிறது. அப்படியே எழுதலாமா? இத்தாலியக் காப்பக ஆவணங்களை மொழிபெயர்ப்போடு வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அந்த நோட்ஸ் வரியையும் எழுத வேண்டாம்.

1915-ல் இத்தாலியின் பிரதமர் அந்தோனியோ சலாந்திரா. சோனினோ அவருடைய வெளியுறவு அமைச்சர். சோனினோ பிரதமராக இருந்தது இரண்டு முறை: 1906 பிப்ரவரி முதல் மே வரை, பிறகு 1909 டிசம்பர் முதல் 1910 மார்ச் வரை. இரண்டு ஆட்சிகளுமே நூறு நாளையொட்டிக் கவிழ்ந்தவை. நாட்டின் நலனே முதல் என்ற பொருளில் வந்த "புனித சுயநலம்" என்ற பெயர்பெற்ற சொற்றொடரையும் நோட்ஸ்காரர்கள் சோனினோ வாயில் வைத்துவிடுகிறார்கள். 1914 அக்டோபரில் அதைச் சொன்னவர் சலாந்திரா. புறத்தேர்வாளர் முதலில் கை வைப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

இனி துரோகம். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் சேர்ந்த மூவர் கூட்டணி 1882-ல் உருவானது. அது தற்காப்புக்கான ஒப்பந்தம். உறுப்பு நாடு வலியப் போய் போர் தொடங்கினால், மற்றவர் உடன் வரவேண்டிய கடமை இல்லை. 1914 ஜூலையில் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது ஆஸ்திரியா. அதற்கு முன்பு இத்தாலியைக் கலந்துகொள்ளவும் இல்லை. ஆகவே 1914 ஆகஸ்டில் இத்தாலி நடுநிலை அறிவித்ததை ஒப்பந்த மீறல் என்று எழுத முடியாது. அப்போது சோனினோ பதவியிலும் இல்லை. சொல்லப்போனால், முதல் உலகப் போர் தொடங்கிய நாட்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் நிற்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். வெளியுறவு அமைச்சர் சான் ஜூலியானோ அக்டோபரில் இறந்த பிறகு, நவம்பரில்தான் அந்தப் பதவிக்கு வந்தார்.

வந்ததும் அவர் கையில் எடுத்தது ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு. பால்கன் பகுதியில் ஆஸ்திரியா எந்த நிலத்தைப் பிடித்தாலும், தற்காலிகமாகப் பிடித்தாலும்கூட, முன்கூட்டியே இத்தாலியோடு பேசி அதற்கு ஈடு தரவேண்டும் என்கிறது அது. டிசம்பர் தொடக்கத்தில் ஆஸ்திரியப் படை பெல்கிரேடில் நுழைந்தது. ஈடு எங்கே என்று சோனினோ கேட்டார். வியன்னா மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில், தன் கையில் இருந்த, இத்தாலியர் வாழும் திரெந்தினோ பகுதியைத் தரலாம், ஆனால் போர் முடிந்த பிறகுதான் என்றது. இப்போதே வேண்டும் என்றார் சோனினோ. 1915 மார்ச் தொடக்கத்திலேயே எதிர்த்தரப்பான லண்டனுடனும் பேச்சைத் தொடங்கிவிட்டார். இரண்டு பக்கமும் விலை கேட்டார் என்று தாராளமாக எழுதுங்கள். அதற்கு ஆவணச் சான்று இருக்கிறது.

துரோகம் என்ற சொல்லுக்கு உண்மையில் இடம் தரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் நோட்ஸில் அது இருக்காது என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். 1915 ஏப்ரல் 26-ல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு லண்டன் ரகசிய உடன்படிக்கையில் இத்தாலி கையெழுத்திட்டது. ஒரு மாதத்துக்குள் அவர்கள் பக்கம் போரில் இறங்குவதாக ஒப்புக்கொண்டது. மூவர் கூட்டணியிலிருந்து விலகுவதாக வியன்னாவிடம் தெரிவித்ததோ மே 4-ல். இடைப்பட்ட எட்டு நாளும் இத்தாலிக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பழைய ஒப்பந்தமும் உயிரோடு இருந்தது, அதற்கு எதிரான புதிய ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருந்தது. ஆஸ்திரியாவோடு போர் அறிவித்தது மே 23-ல். அதை மட்டும் வைத்துத் துரோகம் என்றால் வாதம் நிற்காது. அதற்குள் முறைப்படி விலகிவிட்டார்கள். அந்த எட்டு நாளை வைத்துச் சொன்னால் நிற்கும். ஏழாவது பிரிவை முதலில் மீறியது ஆஸ்திரியாதான், ஆகவே ஒப்பந்தம் அப்போதே செத்துவிட்டது என்பது இத்தாலியத் தரப்பின் பதில். இரண்டையும் எடுத்துவைத்து, எது உங்களுக்குச் சரியென்று படுகிறதோ அதை எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், சோனினோ மீது வைக்கவேண்டிய பெரிய குற்றச்சாட்டு வேறு. நாட்டைப் போருக்குள் கொண்டுபோகும் உடன்படிக்கை நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் கையெழுத்தானது. போர் வேண்டாம் என்ற முன்னாள் பிரதமர் ஜொலித்தி பக்கம் பெரும்பான்மை உறுப்பினர்கள் இருந்தும் பயனில்லாமல் போனது. 1917-ல் ரஷ்யப் புரட்சிக்காரர்கள் வெளியிட்ட பிறகுதான் உலகுக்கே அதன் வாசகம் தெரிந்தது. அந்தக் காகிதத்தைத்தான் 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டிலும் சோனினோ விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஆஸ்திரியா-ஹங்கேரி தோற்றாலும் பிழைத்திருக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. 1919-ல் அந்தப் பேரரசே இல்லை. அதில் கையெழுத்திடாத அமெரிக்காவின் அதிபர் வில்சன் அதற்குக் கட்டுப்பட மறுத்தார். அப்போதைய இத்தாலியப் பிரதமர் ஓர்லாண்டோ, அட்ரியாடிக் கடலோரத் துறைமுகமான ஃபியூமே நகரத்தையும் கேட்டார். உடன்படிக்கையோ அந்த நகரத்தை இத்தாலிக்குத் தரவில்லை. உடன்படிக்கைப்படி அதே கடலோரத்து டால்மேஷியா கொடு, உடன்படிக்கையை மீறி ஃபியூமே கொடு என்று ஒரே மேசையில் கேட்டால் யார் தருவார்கள்? ஜூன் மாதம் அமைச்சரவை கவிழ்ந்தது. சோனினோவின் பொதுவாழ்க்கை ஏறக்குறைய அங்கே முடிந்தது. 1922 நவம்பரில் இறந்தார்.

அவருடைய தொடக்க காலமும் கனமானது. 1876-ல் நண்பர் பிராங்கெத்தியோடு சிசிலிக்குப் போய், குத்தகை விவசாயிகளின் நிலையையும் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கிய சிறுவர்களின் நிலையையும் நேரில் பார்த்து எழுதினார். 1890-களில் பிரதமர் கிரிஸ்பியின் ஆட்சியில் கருவூலத்தைத் தூக்கி நிறுத்தினார். இவை தனி ஆய்வேட்டுக்கு உரியவை. உங்களுடையதில் இரண்டு பக்கம் போதும்.

இப்போது பணம் கேட்கும் ஆள். இந்த வியாபாரம் எனக்கு நன்றாகத் தெரியும். மாணவர்கள் ஏமாந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். இத்தாலிய வெளியுறவுத் துறையின் ராஜதந்திர ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரிஸ் மாநாட்டுக் குறிப்புகளை அமெரிக்க வெளியுறவுத் துறை ஆங்கிலத்திலேயே இணையத்தில் வைத்திருக்கிறது. லண்டன் உடன்படிக்கையின் ஆங்கில வாசகத்தை பிரிட்டிஷ் அரசே 1920-ல் நாடாளுமன்றத்தில் வைத்தது. சோனினோவின் நாட்குறிப்பும் இத்தாலியில் 1972-லேயே அச்சாகிவிட்டது. இவற்றில் நாலு பிடிஎஃப்-ஐ இறக்கி, மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து "காப்பக நகல்" என்று விற்கிறார்கள். அதில் தொகுதி எண் இருக்காது, ஆவண எண் இருக்காது, தேதி இருக்காது. அடிக்குறிப்பில் எதை எழுதுவீர்கள்? இன்று ஆவணம் விற்பவர் நாளை, "முழு ஆய்வேட்டையும் நானே முடித்துத் தருகிறேன்" என்பார். அதற்கு அடுத்த மாதம், "கட்டுரையைச் சர்வதேச இதழில் போட்டுத் தருகிறேன், இவ்வளவு கட்டுங்கள்" என்பார். ஒரே உரையைப் பல மாணவர்களுக்கு விற்றிருப்பார்கள். ஒப்புமைச் சோதனையில் மாட்டுவது நீங்கள்.

இந்த ஆட்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் துறைகள்தான். "அரசியல் வாழ்க்கை: ஓர் ஆய்வு" என்று ஐம்பது ஆண்டை ஒரு பருவத்தில் எழுதச் சொல்லும் தலைப்புக்கு எப்படி ஒப்புதல் கொடுக்கிறார்கள்? இலவச ஆவணத் தளங்களை எப்படித் தேடுவது என்று ஒரு வகுப்பாவது எடுத்தால் இடைத்தரகருக்கு வேலையே இல்லை. எடுப்பதில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடும் நெறியாளரும் உண்டு. நோட்ஸில் உள்ள பிழை ஆய்வேட்டில் ஏறி, அந்த ஆய்வேடே அடுத்த நோட்ஸுக்கு மூலமாகிவிடுகிறது.

நீங்கள் செய்யவேண்டியது: தலைப்பை "1914 நவம்பர் முதல் 1915 மே வரை சோனினோவின் பேச்சுவார்த்தைகள்" என்று சுருக்க இந்த வாரமே நெறியாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். தலைப்புப் பதிவு முடிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. மறுத்துவிட்டால் பழைய தலைப்பிலேயே, இந்த ஏழு மாதத்துக்குப் பாதிப் பக்கங்களை ஒதுக்குங்கள். முதலில் படிக்கவேண்டியது மூவர் கூட்டணியின் ஏழாவது பிரிவும் லண்டன் உடன்படிக்கையும். ஆங்கிலத்தில் இரண்டும் சில பக்கங்கள்தான். இத்தாலிய ஆவணங்களில் வேண்டிய சிலவற்றை மட்டும் தேதி பார்த்து எடுத்து, மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், அது போனதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தரும் தாள் ஒன்றைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.