எந்த அம்பு உங்களுடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐந்தாவது ஆண்டாக முதுமுனைவர் ஆய்வாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் 47 பல்கலைக்கழகங்களுக்கு உதவிப் பேராசிரியர் பணிக்காக விண்ணப்பித்தேன். மூன்று இடங்களில் நேர்காணலுக்கு அழைத்தார்கள், வேலை கிடைக்கவில்லை. என்னிடம் 14 கட்டுரைகள் இருக்கின்றன. என்னைவிடக் குறைவாக எழுதியவருக்கு அந்த இடம் போயிருக்கிறது. இன்னும் இரண்டு கட்டுரைகள் வந்தபின் முயலலாமா, இல்லை நான் இதற்குத் தகுதியற்றவனா? என் ஆய்வுத் திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டுரைகளை எண்ணுவதை நிறுத்துங்கள். மூன்று இடங்களில் அழைத்தார்கள் என்றால் அவை தம் வேலையைச் செய்துவிட்டன. ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிப்பார்கள். நேரில் அழைக்கப்படுபவர்கள் நாலைந்து பேர். அந்த நாலைந்து பேரில் யாருடைய பட்டியலும் சோடை போகாது. வாசற்படி தாண்டிவிட்டீர்கள், கூடத்தில்தான் தடுக்கியிருக்கிறது.

உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் 'எங்கள் ஆய்வகம்' ஒன்பது முறை வருகிறது. 'நான்' ஒரே முறை, அதுவும் கடைசி வரியில். தேர்வுக் குழுவில் இருந்தபோது இத்தகைய கோப்புகளை நள்ளிரவுவரை புரட்டியிருக்கிறேன். படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் வழிகாட்டி மட்டுமே. அவருக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். என் முதல் நேர்காணலில் ஸ்லைடு இல்லாமல் பலகையில் எழுதியே எதிர்காலத் திட்டத்தை விளக்க வேண்டும் என்றார்கள். சுற்றிலும் பத்துப் பேராசிரியர்கள். பழக்கதோஷத்தில் என் வழிகாட்டி எப்போதும் வரையும் படத்தை, அதே அம்புக்குறிகளோடு வரைந்தேன். நாலாவது நிமிடத்தில் ஒரு மூத்த பேராசிரியை கேட்டார்: "இதில் எந்த அம்பு உங்களுடையது?" பேனாவின் மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

எனவே அடுத்த விண்ணப்பத்துக்கு முன்பே உங்கள் வழிகாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கேள்வியை நீங்கள் எடுத்துச் செல்கிறீர்கள், எதை அவர் வைத்துக்கொள்கிறார் என்பது முடிவாக வேண்டும். சங்கடமான பேச்சுதான். ஆனால் "இது இவருடைய சிந்தனை, நான் இதில் போட்டியிடப்போவதில்லை" என்று அவர் பரிந்துரைக் கடிதத்தில் எழுதும் ஒரு வரி, இன்னும் இரண்டு கட்டுரைகளைவிடக் கனமானது. உங்களிடம் சேரும் முதல் ஆய்வு மாணவருக்கு எந்தச் சோதனையைக் கொடுப்பீர்கள், அது தோற்றால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் வைத்திருங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

தகுதி பற்றி. உயிரணுக்களுக்குள் நடப்பதைக் கண்ணால் காண உதவும் பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவை 1992இல் படியெடுத்து வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஆய்வு நிதி நின்றுபோனதால் மரபணுவை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு விலகினார். 2008இல் அந்தப் புரதத்துக்காக மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை வேனில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தகுதியில்லை என்று யார் சொல்வார்கள்? ஒரு துறைக்கு அந்த ஆண்டு நுண்ணோக்கி தெரிந்தவர் தேவைப்படும், அடுத்த ஆண்டு புள்ளியியல் கற்பிப்பவர். அது உங்கள் கையில் இல்லை. தொழில்துறை வேலைகளுக்கும் கூடவே விண்ணப்பியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் பக்கத்தை மட்டும் திருத்தி எழுதி அனுப்புங்கள். 'எங்கள்' என்ற சொல் வராமல்.