பழைய பாய்மரப் படகு வாங்கும் குடும்பங்களுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, நானும் மனைவியும் பதினொரு வயதும் எட்டு வயதுமான எங்கள் பிள்ளைகள் இருவரும் ஸ்காபுரோவில் வசிக்கிறோம். நாங்கள் இருவரும் பாய்மரப் படகோட்டும் வகுப்புகளை முடித்திருக்கிறோம். கோடை விடுமுறையில் படகிலேயே தங்கி ஒன்ராறியோ ஏரியில் பயணம் செய்யத்தக்க பழைய படகொன்றை வாங்க விரும்புகிறோம். சேமிப்பில் 30,000 டொலர் இருக்கிறது. 1984இல் கட்டப்பட்ட 34 அடிப் படகொன்று ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது. அதன் உட்புறம் புத்தம் புதியதாக இருக்கிறது. 19,000 டொலருக்கு 30 அடிப் படகொன்றும் இருக்கிறது. மெத்தைகள் நைந்துபோய், பார்வைக்குச் சுமாராக உள்ளது. எதை வாங்கலாம்? (ஸ்காபுரோ வாசகர்)

பதில்: சிறியதை வாங்குங்கள். அதையும் அதன் மேல்தளத்துக்குள் ஈரம் இறங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

நாற்பது ஆண்டு வயது என்பதைக் கேட்டு நீங்கள் அஞ்சவேண்டியதில்லை. 1970களிலும் 80களிலும் தென் ஒன்ராறியோ பாய்மரப் படகு கட்டும் தொழிலில் பெயர்பெற்ற இடமாக விளங்கியது. நயாகரா ஒன் த லேக்கில் சி அன்ட் சி, பிரம்ப்டனில் சி.எஸ்., செயின்ற் கத்தரின்ஸில் ஹின்ரர்ஹொல்லர் ஆகிய நிறுவனங்கள் கட்டிய படகுகள் இன்றும் நம் ஏரியின் படகுத்துறைகள் எங்கும் நிற்கின்றன. கலிபோர்னியாவில் 1974 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட கற்றலினா 30 வகையும் இங்கே எளிதாகக் கிடைக்கும். உப்பில்லாத நீரில், ஆண்டில் பாதிக்காலம் மட்டுமே மிதந்திருப்பதால், கடலில் ஓடிய படகுகளைவிட இவற்றின் உலோகப் பாகங்களும் இயந்திரங்களும் நீண்டகாலம் உழைக்கின்றன. அக்காலத்து ஃபைபர்கிளாஸ் உடலும் பொதுவாகத் தடிப்பானது.

ஏரிப் படகுகளைக் கொல்வது வேறொன்று. பெரும்பாலான படகுகளின் மேல்தளம் இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டப்பட்டது. எடை குறைவாகவும் உறுதி மிகுதியாகவும் இருக்க அது மிக நல்ல முறை. ஆனால் கைப்பிடிகள், வேலிக் கம்பங்கள், கயிறு சுற்றும் வின்ச்சுகள் என்று தளத்தின்மேல் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்த மரத்தைத் துளைத்துத்தான் முடுக்கப்பட்டிருக்கிறது. துளைகளைச் சுற்றிப் பூசிய பசை காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும்போது மழைநீர் உள்ளே கசிகிறது. கசிந்த நீர் கனடாவின் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, மரத்தையும் தகட்டையும் பிரித்துவிடுகிறது. அடுத்த கோடையில் அந்தப் பிளவு வழியே ஈரம் இன்னும் கொஞ்சம் பரவுகிறது. பத்துக் குளிர்காலங்கள் இப்படிக் கழிந்தால் மரம் குழைந்துவிடும். தளத்தை வெட்டித் திறந்து, அழுகியதை நீக்கி, புதிதாக அடுக்கி மூடும் வேலைக்கு ஆகும் கூலி படகின் விலையையே தாண்டக்கூடும். உட்கூரையில் ஒட்டிய துணியும் பலகையும் இதை மறைத்துவிடுவதால், புதிய மெத்தையும் புதிய வர்ணமும் பூண்ட படகுதான் ஏமாற்றுவதற்கு அதிகம் வாய்ப்புள்ள படகு. நைந்த மெத்தையை நீங்கள் ஒரு கோடையில் தைத்து மாற்றிவிடலாம்.

ஆகவே படகுக்குச் செல்லும்போது ஒரு சிறிய பிளாஸ்ரிக் சுத்தியலைக் கொண்டுபோங்கள். உரிமையாளரின் அனுமதியுடன் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். உலர்ந்த தளம் கூர்மையாக ஒலிக்கும். ஈரமேறிய இடத்தில் ஒலி மந்தமாகிவிடும். பாய்மரத்தின் அடியிலும் வேலிக் கம்பங்களைச் சுற்றியும் குதிகாலை அழுத்தி நடந்து, கால் அமிழ்கிறதா என்று பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பிணைக்கப்படும் எஃகுத் தகடுகள் தளத்தை ஊடுருவி உள்ளே இறங்குகின்ற இடத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தால், அங்கே நீண்டகாலமாக நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தத் தகடு அறுந்தால் பாய்மரமே சாயும் என்பதால் இந்தக் கறையை எந்தச் சமாதானத்துக்காகவும் பொருட்படுத்தாமல் விடாதீர்கள்.

அடுத்தது படகின் அடியில் போல்ற்றுகளால் பூட்டப்பட்டிருக்கும் பாரமான கீல். கீலின் முன்பகுதி உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய கோடொன்று தெரிவது இந்தக் காலத்துப் படகுகளில் சாதாரணம். கோட்டிலிருந்து துரு ஒழுகினாலோ, கிரேனில் படகு தொங்கும்போது இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி விரிந்தாலோ அது சாதாரணமன்று. சுக்கானுக்குள்ளும் நீர் புகுந்து உறைந்து வெடிப்பதுண்டு. இலையுதிர்காலத்தில் படகைக் கரையேற்றிய பின் பல நாட்கள் சுக்கானிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று கேளுங்கள்.

இனி பணத்தைப் பற்றி. கையிலுள்ள முழுத்தொகைக்கும் படகு வாங்குவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மூன்றில் ஒரு பங்கையாவது முதலாண்டுக்கு ஒதுக்கிவையுங்கள். கோடைக்கால நிறுத்துமிடம், கிரேன், குளிர்கால இடம், காப்புறுதி, கம்பிகளையோ பாயையோ மாற்றும் செலவு எல்லாமே அதற்குள் வந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை அடிக்கணக்கில் அறவிடப்படுவதால், 34 அடிப் படகு ஒவ்வோர் ஆண்டும் உங்களிடம் கூடுதலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். வாங்கிய விலையில் பத்திலொரு பங்கு ஆண்டுச் செலவாகும் என்று சிலர் சொல்லும் கணக்கு, விலை குறைந்த பழைய படகுகளுக்குப் பொருந்தாது. படகு மலிவாகிவிட்டாலும் நிறுத்துமிடம் மலிவாவதில்லை. நிறுத்துமிடம் படகோடு சேர்ந்து கைமாறும் என்றும் எண்ணிவிடாதீர்கள். விலை பேசுமுன் படகுத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது.

இவ்வளவையும் நீங்களே பார்த்த பிறகும், படகைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணரான சர்வேயர் ஒருவரை அமர்த்தத்தான் வேண்டும். பழைய படகுக்குச் சர்வே அறிக்கை இல்லாமல் காப்புறுதி கிடைப்பது அரிது. ஆதலால் முதலில் காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, இந்த வயதுடைய படகை ஏற்பார்களா, எந்தச் சர்வேயர்களின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கேட்டு, அவர்களுள் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பனை முகவர் கைகாட்டும் சர்வேயரைத் தவிர்ப்பது நல்லது. சோதனை நடக்கும் நாள் முழுவதும் கூடவே இருங்கள். அன்று அவர் வாயால் சொல்வது அறிக்கையில் எழுதுவதைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் வாங்கினால் விலை குறையும் என்கிறார்களே, உண்மையா? (ஏஜக்ஸ் வாசகர்)

பதில்: குறையும். இன்னொரு குளிர்காலச் செலவை ஏற்க விரும்பாத உரிமையாளர்கள் அக்டோபரில் இறங்கிவருவார்கள். ஆனால் கரையேற்றி மூடிய படகில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க இயலாது. பாய்களை விரித்துப் பார்க்க இயலாது. ஈரத்தை அளக்கும் கருவியும் உறைநிலைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. நனைந்த மரம் பனிக்கட்டியாக இருக்கும்போது கருவி அதை உலர்ந்த மரமாகக் காட்டிவிடும். ஜனவரியில் எடுத்த ஈர அளவை நம்பி யாரும் பணம் கொடுக்கக்கூடாது.

படகு இன்னமும் நீரில் நிற்கும் செப்டெம்பர் மாதம்தான் எனக்குப் பிடித்த காலம். வெள்ளோட்டம் பார்க்கலாம், பின்பு கரையேற்றும்போது அடிப்பகுதியையும் பார்க்கலாம். குளிர்காலத்தில்தான் வாங்கவேண்டியிருந்தால், வசந்தத்தில் படகை இறக்கி வெள்ளோட்டம் முடியும்வரை விலையில் ஒரு பகுதி முகவரின் பொறுப்புக் கணக்கில் நிற்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. பாய்மரம் கீழே இறக்கிக் கிடத்தப்பட்டிருந்தால், கம்பிகளின் முனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாக ஆராயலாம். முனைக்குழாயில் மயிரிழை அளவு வெடிப்பிருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றியாகவேண்டும். படகைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம் விலைக்குள் அடங்குமா என்றும் மறவாமல் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் பார்த்த 1976ஆம் ஆண்டுப் படகில் அற்றொமிக் 4 என்ற பெற்றோல் இயந்திரம் இருக்கிறது. பெற்றோல் என்றால் தொடவே கூடாது என்கிறார் என் அண்ணா. உங்கள் கருத்து என்ன? (மிசிசாகா வாசகி)

பதில்: உங்கள் அண்ணாவின் அச்சம் நியாயமானது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது; ஒரு சிறு கசிவும் படகின் அடிக்குழியில் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் இயக்குமுன் ஆவியை வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடவேண்டும் என்ற விதி இருக்கிறது. அற்றொமிக் 4 தன்னளவில் நல்ல இயந்திரம். அதிர்வு குறைவு, உதிரிப்பாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன. ஆனால் பிள்ளைகள் படுத்துறங்கும் படகில் நான் டீசலையே விரும்புவேன். மற்ற எல்லாவற்றிலும் மிகச் சிறந்த படகாக இருந்தால் மட்டும், எரிபொருள் தாங்கி, குழாய்கள், விசிறி மூன்றையும் ஒரு மெக்கானிக் பார்த்து ஒப்புதல் அளித்தபின் எண்ணிப்பாருங்கள். சமையல் எரிவாயுவும் அவ்வாறே கீழே இறங்கித் தங்கும் இயல்புடையது. சிலிண்டர் வைக்கும் பெட்டி உட்புறத்தோடு தொடர்பின்றி, படகுக்கு வெளியே வடியும்படி அமைந்திருக்கவேண்டும்.

எந்த இயந்திரமானாலும் நீங்கள் சென்று சேரும்போது அது குளிர்ந்திருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது சுலபமாக இயங்குவதில்லை என்று ஐயப்பட இடமுண்டு.

கேள்வி: பத்திர விடயத்தில் எதையெல்லாம் பார்க்கவேண்டும்? (பிரம்ப்டன் வாசகர்)

பதில்: படகின் பின்புற வலப்பக்கத்தில் பொறிக்கப்பட்ட 12 எழுத்துகள் கொண்ட அடையாள எண், பத்திரங்களில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மிகப் பழைய படகுகளில் அந்த எண் வேறு வடிவில் இருக்கக்கூடும். படகு கனடாவின் கப்பல் பதிவேட்டில் உள்ளதா, உல்லாசப் படகு அனுமதிப்பத்திரம் மட்டும் பெற்றதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிவேட்டில் இருந்தால் அடமானம் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். எவ்வாறாயினும், படகின்மேலும் விற்பவர் பெயரிலும் கடன் பிணை இருக்கிறதா என்று ஒன்ராறியோ மாகாணப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரத்தை விதிக்கப்பட்ட காலத்துக்குள் உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். துணை இயந்திரம் உள்ள படகைச் செலுத்துபவரிடம் படகோட்டும் தகுதி அட்டை இருக்கவேண்டும், படகிலிருந்து பேசப் பயன்படும் வி.எச்.எப். வானொலிக்குத் தனிச் சான்றிதழ் உண்டு.

வெளியூரிலிருந்து வந்த படகானால் கழிவறையைப் பாருங்கள். ஒன்ராறியோவில் கழிவை ஏரியில் விடுவது சட்டவிரோதம். கழிவுத்தாங்கியும், அதைக் கரையில் உறிஞ்சி எடுக்கும் வாயும் நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கவேண்டும்.

கேள்வி: என் அப்பப்பா வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓட்டியவர். படகு எங்கள் இரத்தத்தில் இருக்கிறது என்று நான் சொன்னாலும், நீந்தத் தெரியாத என் மனைவி தயங்குகிறார். முதல் கோடையில் எங்கே போகலாம்? (பிக்கறிங் வாசகர்)

பதில்: வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணியை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, வல்வை மாலுமிகள் அதை அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் கிளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்த மரபு பெருமைக்குரியது. இருந்தாலும் உங்கள் மனைவியின் தயக்கத்தை நீங்கள் மதிக்கவேண்டும். முதற்பயணத்தில் அஞ்சியவர் இரண்டாம் முறை வருவதில்லை. அதன்பின் அந்தப் படகு குடும்பப் படகாக இருப்பதுமில்லை.

மே மாதத்தில் வெயில் சுட்டாலும், ஏரியின் நடுவே நீர் நான்கைந்து பாகையில்தான் இருக்கும். அந்தக் குளிரில் விழுந்தால், நன்றாக நீந்துபவரும் சில நிமிடங்களில் கைகால்களை அசைக்க முடியாமல் போவார். ஆகையால் யூலை வரை துறைமுகத்தை ஒட்டியே பழகுங்கள். பிறகு கரையோரமாகக் கிழக்கே விற்பி, கோபர்க் என்று பகல்நேரத்தில் மட்டும் பயணம் செய்து, மறே கால்வாய் வழியாகக் குயின்ற்றே விரிகுடாவுக்குள் நுழையலாம். அங்கே ஏரியின் அலை எட்டாது; பிள்ளைகள் நங்கூரமிட்ட படகிலிருந்து நீந்தலாம். நயாகராவுக்கு ஏரியைக் குறுக்கே கடப்பது ஏறக்குறைய ஆறு மணிநேரப் பயணம். நடுவே காற்று மாறினால் நெருக்கமான, செங்குத்தான அலைகள் எழும். அதை இரண்டாம் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படகு பார்க்கப் போகும்போதே உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். சுற்றுவேலிக் கம்பிகள் உறுதியாக உள்ளனவா, பிள்ளைகளுக்காக அதில் வலை கட்டமுடியுமா, நீரில் விழுந்த ஒருவர் தாமே எட்டிப் பிடித்து இறக்கக்கூடிய ஏணி பின்புறத்தில் இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். பல பழைய படகுகளில் ஏணியைத் தளத்தில் நிற்பவர்தான் அவிழ்த்து இறக்கமுடியும். அப்படி இருந்தால், நீரிலிருந்து இழுத்து இறக்குவதற்கான கயிறொன்றைப் படகு வாங்கிய அன்றே அதில் கட்டிவிடுங்கள்.